பச்சைப் பந்து நின்ற இடம்

போன மாதம் ஒரு நாள் பழைய கிளப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பந்தோடு பந்து மோதும் சத்தம் வாரத்துக்கு ஒருமுறையாவது காதில் விழாவிட்டால் எனக்குச் சோறு செரிப்பதில்லை. இப்போது அங்கே மார்க்கராக இருப்பவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்ல வேலைக்காரர். என்னை ஓரமாக அழைத்துப் போய், "அண்ணே, மார்க்கர் தப்பாச் சொல்லிட்டாரு, அதை ஒருத்தரும் கவனிக்கலைன்னு வைங்க. வாயைத் திறக்கணுமா?" என்று கேட்டார்.

"எப்ப தப்பாச் சொன்னீங்க?" என்றேன்.

மனிதர் சிரித்து மழுப்பிவிட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் எண்ணிக்கையை மட்டுமே சொல்லிச் சொல்லி வாய் காய்ந்தவன் நான். பேசக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவதாக இல்லை.

பில்லியர்ட்ஸ் மேஜை பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க்கர் என்பவன் ஆடுகிறவன் அல்ல. ஆட்டத்தை நடத்துகிறவன். எண்ணிக்கை சொல்வான், மேஜை ஓரத்துப் பைகளில் விழுந்த பந்தை எடுத்து வைப்பான், கைக்கு எட்டாத பந்துக்கு நீளக் கோலை நீட்டுவான். பொழுது விடிந்ததும் மேஜையின் பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் ஒரே திசையில் வாரி, அதே திசையில் சூடான இஸ்திரிப் பெட்டியை இழுப்பான். அந்தத் துணிக்கும் பூனை முதுகு போல ஒரு பக்கம்தான் தடவலாம், எதிர்த்துத் தடவினால் சீறும். இதையெல்லாம் நான் ஒரு பட்டாளத்து மெஸ்ஸில் மூன்று வருஷம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். திட்டியவர்களைப் பற்றி இங்கே எழுதினால் காகிதம் பற்றாது. அங்கிருந்து ரங்கூனில் பசுந்தாங் ஓடைப் பக்கம் மா சேயின் நடத்திய மூன்று மேஜைக் கடைக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து, இருபத்தாறாம் வருஷம் இருக்கும்.

என் பெயர் சன்னாசி. பந்தயம் கட்டும் இடத்தில் பகல் முழுக்க ஒரு சன்னாசி நின்றால் கேலிக்குக் குறைவா? "சாமி, யாரு ஜெயிப்பாங்கன்னு குறி சொல்லுங்க" என்பார்கள். நான் எண்ணிக்கை சொல்வேன்.

மா சேயின் பர்மாக்காரி. புருஷன் செத்தபின் கடையைத் தானே எடுத்து நடத்தினாள். ஒருநாளும் கோலைக் கையில் தொட்டதில்லை, ஒருநாளும் பந்தயம் கட்டியதில்லை. தலையில் பூ, வாயில் முழங்கை நீளச் சுருட்டு, எதிரே வெற்றிலைப் பெட்டி. குரலை உயர்த்தவே மாட்டாள். பிடிக்காதது நடந்தால் சுருட்டை வாயிலிருந்து எடுப்பாள். கோபம் வந்தால் அதைத் தட்டில் கிடத்துவாள். நான் வேலை செய்த பதினாறு வருஷத்தில் அந்தச் சுருட்டு ஐந்தாறு முறைதான் தட்டுக்குப் போயிருக்கிறது. அதில் ஒன்று எனக்காக.

பந்தயத்துக்கு அவள் சட்டம் தனி. கட்டுகிற இருவரும் அவள் முன்னால் வந்து நின்று, என்ன கட்டுகிறோம் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பந்தயத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதைவிட முக்கியம், ஜெயித்தவன் தோற்றவனை மன்னிக்கவும் முடியாது. நான் சேர்ந்த புதிதில் இதென்ன கல்நெஞ்சம் என்று கேட்டேன். அவள் வாயில் தம்பி என்பது மவுங்.

"மவுங் சன்னாசி, விட்டுக்கொடுத்தவன் ஆறு மாசம் சொல்லிக் காட்டுவான். வாங்கிக்கிட்டவன் ஏழாவது மாசம் அடிப்பான். அப்ப உடையறது என் மேஜை" என்றாள்.

அந்தக் கடைக்கு வந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ரயில் டிரைவர் துரை ஒருவர் வருவார். ஆங்கிலோ இந்தியர். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, மெதுவாக ஒரு விசில் அடித்துவிட்டுத்தான் பந்தைத் தொடுவார். ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்புகிறதாம். சீனத்துத் தச்சர் ஆ சோங், தானே படாக் மரத்தில் இழைத்த கோலோடு வருவார், அதைக் குழந்தையைப் போலத் துணி சுற்றி எடுத்துப் போவார். பேசவே மாட்டார். பேசினால் ஒரு வாக்கியம், அதுவும் யாருக்காவது உறைக்கிற மாதிரி இருக்கும்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஜோடி ஒன்று இருந்தது. கோ தௌங், க்யிம்யிண்டைங் துறையில் சம்பான் படகுகள் வைத்து வாடகைக்கு விடுபவர். நாற்பது வயது. ரங்கூனில் ஆண்களெல்லாம் முடியை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் தலையில் பழைய பாணிக் கொண்டை போட்டிருந்தார். பந்து உருளும்போது அதன் கூடவே நடந்து போய் "அமலே, அம்மாடி! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்மா" என்று கெஞ்சுவார். இன்னொருவர் அங்கமுத்து மேஸ்திரி. அலோன் துறையில் மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவர், சிவகங்கைச் சீமைக்காரர். இரண்டு பக்கமும் முறுக்கி மேலே ஏற்றிய மீசை. அந்த மீசையைப் பார்த்துத்தான் அறுபது ஆள் வேலை செய்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். இரண்டு பேரும் பார்த்தால் சண்டை, பார்க்காவிட்டால் விசாரிப்பு. "அந்தப் படகுக்காரன் ரெண்டு நாளா வரலையே, காய்ச்சலா?" என்று மேஸ்திரி என்னிடம்தான் கேட்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை, புத்தருக்கு விளக்கேற்றும் பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மா சேயின் ஒரு பூல் போட்டி வைப்பாள். ஜெயித்தவருக்கு வெள்ளிக் கிண்ணம். பூல் என்றால் அந்தக் காலத்து உயிர் ஆட்டம். ஏழு பேர், ஆளுக்கொரு நிறப் பந்து, ஆளுக்கு மூன்று உயிர். உங்களுக்கு முன்னால் அடித்தவருடைய பந்தைத்தான் நீங்கள் அடிக்க வேண்டும். அதைப் பையில் தள்ளினால் அவருக்கு ஓர் உயிர் போயிற்று. நீங்கள் தவறவிட்டாலோ, உங்கள் பந்தே பையில் விழுந்தாலோ உங்கள் உயிர் போயிற்று. மூன்றும் போனவர் வெளியே வந்து தேநீர் குடிக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மார்க்கர் உரக்கச் சொல்வான்: "மஞ்சள், சிவப்பு மேல்." அதாவது மஞ்சள்காரர் சிவப்பை அடிக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முன்னால் அடித்தவர் தன் அடியிலேயே உயிரை இழந்துவிட்டால், அடுத்தவர் தன் பந்துக்கு எது மிகக் கிட்டே இருக்கிறதோ அதைத்தான் அடிக்க வேண்டும். எது கிட்டே என்று சொல்வது மார்க்கரின் கண். சந்தேகமாக இருந்தால் நாடாவை வைத்து அளக்க வேண்டும். மார்க்கர் தவறாகச் சொல்லி ஆடியவர் தவறான பந்தை அடித்துவிட்டால், அவர்மேல் குற்றமில்லை. பந்துகளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து மறுபடி ஆட வேண்டும். ஆனால் அடுத்தவர் அடிப்பதற்குள் மார்க்கர் வாயைத் திறக்க வேண்டும். அடித்துவிட்டால் போனது போனதுதான்.

பந்துகளைத் திரும்ப வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். கண்ணால் எழுதி வைத்துக்கொள்வதுதான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நான் மேஜையை ஒரு முறை பார்ப்பேன். எந்தப் பந்து எந்தப் பைக்கு எத்தனை விரற்கடை என்பது உள்ளே பதிந்துவிடும். பிற்காலத்தில் என் பெண்டாட்டி கறிவேப்பிலை எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பந்து நின்ற இடம் மட்டும் தெரியும்.

ஒரு வருஷம் அந்தப் போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கோ தௌங் மேஸ்திரியைச் சீண்டினார். மேஸ்திரி கோல் வழுக்காமலிருக்க நுனியில் சாக்கட்டி தடவும்போது மீசையிலும் தடவிக்கொள்கிறார், அதனால்தான் பந்து வழுக்குகிறது என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. மேஸ்திரிக்கு முகம் சிவந்தது.

"டேய் கொண்டை! ஞாயித்துக்கிழமை யாரு முன்னாடி சாகுறாங்கன்னு பாப்போமா? நான் செத்தா என் மீசை. நீ செத்தா உன் கொண்டை."

"கட்டு!" என்றார் கோ தௌங்.

இருவரும் மா சேயின் முன்னால் போய் நின்று உரக்கச் சொன்னார்கள். அவள் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். பந்தயம் உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை மேஸ்திரி நான் மேஜைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். கையில் ஊரிலிருந்து வந்த கடிதம். அவருக்குப் படிக்கத் தெரியாது. பதினாறு வயதில் அண்ணனோடு கோபித்துக்கொண்டு கப்பலேறியவர், இருபத்திரண்டு வருஷமாக மணியார்டர் மட்டும் போய்க்கொண்டிருந்தது, ஆள் போகவில்லை. வீறாப்பு. நான் கடிதத்தைப் படித்தேன். அவர் தாயார் எழுதச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள். நீ வரமாட்டாய், அதனால் நானே வருகிறேன், ஊர்க்காரர்களோடு அடுத்த கப்பலில் புறப்படுகிறேன், துறைக்கு வந்து நில் என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் போட்டி முடிந்த புதன்கிழமை கப்பல் வரும்.

மேஸ்திரி முதலில் குழந்தை மாதிரி சிரித்தார். அப்புறம் அவர் கை தானாக மீசைக்குப் போனது. அங்கேயே நின்றது.

பர்மாக்காரர்களுக்கு மீசை வெறும் முடி. நமக்கு அப்படி இல்லையே. தாய் தகப்பன் போனால்தான் மகன் மீசை எடுப்பான். உயிரோடு இருக்கிற தாய், கடல் தாண்டி மகனைப் பார்க்க வந்து இறங்கும்போது அவன் மழித்த வாயோடு எதிரே நின்றால்? சொல்லவே நாக்குக் கூசுகிறது.

"கோ தௌங்கிட்ட சொல்லிடுவோம் மேஸ்திரி. அவருக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல மனுஷன். ஆடாமலே விலகிக்குவாரு" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லக் கூடாதுங்கிறேன். அவன் விட்டுக்கொடுத்த மீசையை வச்சிக்கிட்டு நான் ஆத்தா முன்னாடி நிக்கணுமா? ஜெயிச்சிட்டுப் போறேன். நீ வாயைத் திறந்தே, அலோன் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது, ஆமா."

அந்த நான்கு நாளும் அவர் வேலைக்குப் போகவில்லை. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை மூன்றாம் மேஜையில் ஒற்றை ஆளாக ஆடிப் பழகினார். பந்து பையில் விழும் ஒவ்வொரு முறையும் "ஆத்தா" என்பார்.

ஞாயிறு மத்தியானம் கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. ஒரு பக்கச் சுவரோரம் அலோன் மூட்டைக்காரர்கள், எதிர்ச் சுவரோரம் க்யிம்யிண்டைங் படகுக்காரர்கள். மாடிப்படியில் வேறு ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் மூன்று பேர் சீக்கிரமே செத்து வெளியே போனார்கள். மிஞ்சியது நான்கு பேர், அடிக்கும் வரிசைப்படி: வெள்ளை ஆ சோங், சிவப்பு டிரைவர் துரை, மஞ்சள் கோ தௌங், பச்சை மேஸ்திரி. நால்வருக்கும் ஆளுக்கு ஓர் உயிர்தான் பாக்கி.

டிரைவர் துரை கடிகாரத்தைப் பார்த்தார், விசில் அடித்தார், வெள்ளையை அடித்தார். வெள்ளை நகர்ந்தது. அவருடைய சிவப்பும் உருண்டு போய் நடுப்பையில் விழுந்தது. வண்டி ஆற்றில் இறங்கிவிட்டது என்று யாரோ கத்த, ஒரே கூச்சல். துரை தொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே நான் மேஜையைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் இன்றும் சொல்வேன். சிவப்பு செத்துவிட்டது, அதற்கு முன்னால் அடித்தது வெள்ளை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:

"மஞ்சள், வெள்ளை மேல்."

கோ தௌங் மறுபேச்சுப் பேசவில்லை. மார்க்கர் சொன்னால் சொன்னதுதான். வெள்ளையை அடித்தார். வெள்ளை பைக்குப் போகாமல் மேஜை விளிம்புக் குஷனில் முட்டித் திரும்பியது. மஞ்சள் சுற்றி வந்து, மூலைப் பையின் வாயருகே நின்ற பச்சையை ஒரு தட்டுத் தட்டித் தூரத்தில் கொண்டுபோய் விட்டது. அதாவது மேஸ்திரி செத்துப் பிழைத்தார். அலோன் சுவர் எழும்பிக் குதித்தது.

அடுத்து மேஸ்திரி. மஞ்சளை அடிக்க வேண்டும், அதுவோ நடுப்பைக்கு நேர் எதிரே, சின்னப்பிள்ளைகூடத் தள்ளிவிடலாம். அவர் கோலுக்குச் சாக் தடவினார். நான் "பச்சை, மஞ்சள் மேல்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கண்ணுக்குள் எழுதி வைத்த மேஜை எனக்குத் தெரிந்தது. துரை தன் உயிரைத் தன் அடியிலேயே இழந்தார். அப்படியானால் கோ தௌங் கிட்டே இருக்கும் பந்தைத்தான் அடித்திருக்க வேண்டும். கிட்டே இருந்தது வெள்ளை அல்ல, பச்சை. நான்கு விரற்கடை வித்தியாசம். நாடாவை எடுக்கக்கூட நான் நினைக்கவில்லை. பையின் வாயில் நின்ற பச்சையை கோ தௌங் அடித்திருந்தால் மேஸ்திரியின் மீசை அந்த நிமிஷமே போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். என் கண் தப்பியதா, அல்லது கடிதத்தைப் படித்த மனசு கண்ணை இழுத்துக்கொண்டு போனதா என்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியவில்லை, இத்தனை வருஷம் கழித்து இன்றும் தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

மேஸ்திரி சாக்கை வைத்துவிட்டுக் குனிந்தார். அவர் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. தப்பும் மூடிப்போகும், மீசையும் தங்கும், புதன்கிழமை ஒரு தாய் நிம்மதியாக இறங்குவாள். நான் அப்படியே நின்றிருக்கலாம். ஆனால் கோ தௌங் அந்தப் பக்கம் கோலில் சாய்ந்துகொண்டு, தன் கொண்டை போகப் போவது தெரிந்தும், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் முகம் அது. அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க மேஸ்திரி" என்றேன். "மார்க்கர் தப்பு. மஞ்சளுக்குக் கிட்ட இருந்தது பச்சை."

இரண்டு சுவரும் வெடித்தன. நாட்டுக்காரனுக்காகப் பொய் சொன்னான் என்று படகுக்காரர்கள் கத்தினார்கள். சொந்த ஆளையே காட்டிக்கொடுத்தான் என்று மூட்டைக்காரர்கள் கத்தினார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய மார்க்கர் அந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆ சோங் மட்டும் அமைதியாக, "எனக்குத் தெரியும். நீ எப்போ சொல்வேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். தச்சன் கண்ணுக்கு நாடா எதற்கு?

மா சேயின் சுருட்டை எடுத்தாள். கூச்சல் அடங்கியது.

"பந்தை இருந்த இடத்துல வை" என்றாள்.

வெள்ளையை வைத்தேன். மஞ்சளை வைத்தேன். பச்சையைக் கையில் எடுத்தேன். அது மூலைப் பையின் வாய்க்கு ஒரு விரற்கடையில் நின்றது, எனக்கு நன்றாகத் தெரியும். வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். எடுத்தபின் பார்த்தால் மூன்று விரற்கடையில், குஷன் முனைக்குச் சற்றுப் பின்னால் நின்றது. மஞ்சளிலிருந்து பார்த்தால் பாதிப் பந்து மறைந்திருக்கும். கண்ணைக் குற்றம் சொல்ல இனிமேல் வழியில்லை. அது என் கை.

கோ தௌங் பார்த்தார். கோலை எடுத்தார்.

"சன்னாசி" என்று மேஸ்திரியின் குரல் கேட்டது. "அங்க இல்லை."

"அங்கதான் மேஸ்திரி."

"என் பந்து நின்ன எடம் எனக்குத் தெரியாதாடா? உள்ள தள்ளு."

ஒரு விரற்கடை தள்ளினேன்.

"இன்னும்."

என்னால் முடியவில்லை. அவரே மேஜையைச் சுற்றி வந்து குனிந்து, ஆள்காட்டி விரலால் பச்சையைப் பையின் வாய்வரை நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டு கோ தௌங்கைப் பார்த்து, "இப்ப அடிறா" என்றார். நான் திரும்பிப் பார்க்கையில் மா சேயினின் சுருட்டு தட்டில் கிடந்தது.

கோ தௌங் அடித்தார். பச்சை விழுந்தது. படகுக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேஸ்திரி கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

கீழே நம்ம ஊர் நாவிதர் ஒருவர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அதே கப்பலில் தன் உறவும் வருவதாக அவருக்கும் கடிதம் வந்திருந்தது, சேதி தெரியும். மேஸ்திரி போய் எதிரே குந்தி, "எடு" என்றார்.

"எதை?"

"மீசையை."

நாவிதர் கத்தியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார். "பெத்தவ புதன்கிழமை கப்பல்ல வர்றா. நீ ஞாயித்துக்கிழமை மீசை எடுப்பியா? ஒங்க ஆத்தாளுக்கு உசிரோட கருமாதி பண்ணச் சொல்றியா? நான் கத்தி தொட மாட்டேன்."

தோளிலிருந்து இறங்கிப் பின்னாலேயே வந்த கோ தௌங்குக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தமிழ் அவருக்கு அரைகுறைதான், ஆனால் இது புரிந்துவிட்டது. "வேணாம் மேஸ்திரி, பந்தயம் வேணாம். என் கொண்டையை எடுத்துக்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி உதறினார். கோ தௌங் மாடிக்கு ஓடி மா சேயினிடம் கெஞ்சினார். அவளும் தாய்தான், அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும், "என் கடையில மன்னிப்பு கிடையாது. அது அவருக்கும் வேணாம், கேட்டுப் பாரு" என்றாள். கடைசியில் அடுத்த தெருச் சீன நாவிதர் ஒருவர், எதுவும் தெரியாமல், இரண்டே இழுப்பில் வேலையை முடித்தார். மேஸ்திரி கண்ணாடி பார்க்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அலோன் போகும் குதிரை வண்டியில் ஏறினார்.

மேலே ஆட்டம் பாதியில் நின்றுகிடந்தது. கோ தௌங் திரும்ப ஆட வரவில்லை. வெள்ளிக் கிண்ணம் ஆ சோங்குக்குப் போனது. அதை யாரும் கவனிக்கவே இல்லை, அவரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மா சேயின் என்னைக் கூப்பிட்டாள். பதினான்கு நாள் நான் ஆட்டம் சொல்லக் கூடாது, துணி வாரி இஸ்திரி போடும் வேலை மட்டும் என்றாள்.

"தப்பாச் சொன்னதுக்கா அக்கா?"

"அதுக்கு இல்லை. வாய் எல்லாருக்கும் தப்பும், நீயே ஒத்துக்கிட்டே. பந்தை வச்சியே, அதுக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே போக அடியெடுத்தபோது, "புதன்கிழமை உனக்கு லீவு. துறைக்குப் போ. அவரு கூட யாராவது நிக்கணும்" என்றாள்.

புதன்கிழமை காலை துறையில் எனக்கு முன்னாலேயே கோ தௌங் வந்து நின்றார். மூட்டை முடிச்சு ஏற்ற ஒரு சம்பானும் கொண்டுவந்திருந்தார். மேஸ்திரி வந்ததும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். உள்ளே கூத்தாடிகள் ஒட்டிக்கொள்கிற மீசை. பர்மாக் கூத்தில் ராட்சசனுக்கு வைப்பது போலிருக்கிறது, ஒரு முழம் இருந்தது. மேஸ்திரி அதை வாங்கி ஆற்றில் எறிந்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோ தௌங் மட்டும் அது மிதந்து போவதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லப் போறீங்க ஆத்தாகிட்ட?" என்று கேட்டேன்.

"தெரியலை சன்னாசி. மூணு நாளாத் தூங்கலை. கப்பல்ல இருந்து எறங்கி என்னைப் பாத்ததும் அங்கேயே விழுந்துட்டான்னா?"

கப்பல் வந்தது. அம்மை குத்திய தழும்பைப் பார்க்கிற டாக்டரைக் கடந்து சனங்கள் மூட்டையும் பானையுமாக இறங்கினார்கள். துறை முழுக்க நம்ம ஆட்கள், அத்தனை பேருக்கும் மீசை. மேஸ்திரி என் முதுகுக்குப் பின்னால், துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

சின்னதாக, கறுப்பாக, வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் இறங்கி வந்தார். இடுப்பில் ஒரு துணி மூட்டை. வரிசையாக நின்ற ஒவ்வொரு முகத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மீசையாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். கண்ணில் பயம் ஏறிக்கொண்டே வந்தது. எங்களையும் பார்த்தார். கை எட்டும் தூரத்தில் எங்களைக் கடந்தே போய்விட்டார்.

அந்த அம்மாள் நாலடி போய், கூட்டத்துக்கு நடுவே திக்குத் தெரியாமல் நின்றார். அவ்வளவுதான், மேஸ்திரியின் துண்டு கீழே விழுந்தது.

"ஆத்தா!"

அவர் திரும்பினார். மூட்டை இடுப்பிலிருந்து நழுவியது. ஓடி வந்து இரண்டு கையாலும் மகன் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ அய்யா, அங்கமுத்து! போனப்ப இருந்த மூஞ்சி அப்படியே இருக்கேய்யா. அத்தனை பேருலயும் எம் புள்ளையக் காணோமேன்னு ஈரக்கொலை நடுங்கிப் போச்சே எனக்கு" என்று கன்னத்தைத் தடவித் தடவி அழுதார்.

மேஸ்திரியும் தேம்பிக்கொண்டு அவர் காலில் விழப் போனார். "ஆத்தா, மனசுல ஒண்ணும் நெனச்சுக்காத. ஒனக்குக் கெடுதலா எதுவும் பண்ணலை. ஒரு பந்தயத்துல புத்தி கெட்டுப்போயி, மீசைய..."

அந்த அம்மாள் அழுகையை நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் மகனின் உதட்டைப் பார்த்தார்.

"மீசையா? ஒனக்கு ஏதுய்யா மீசை?"